நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரம் கீழவீதிப் பக்கம் உள்ள ஓர் ஓட்டலில் நடந்தது இது. இப்போதும் அந்த ஓட்டல் வாசலைத் தாண்டும்போது என் கால் தானாகக் கொஞ்சம் வேகமெடுக்கும். ஓட்டல்காரர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கேலி பேசியே காலம் தள்ளுகிற எனக்கு, வாய் அடைத்துப்போன இடம் அது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். என் அக்கா கல்யாணமாகி இங்கிலாந்துக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அவளுடைய ஒரே மகள் அங்கே பிறந்து, வளர்ந்து, படித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஈஸ்டர் லீவில் முதல் தடவையாகத் தனியாகக் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. ஆகாது என்றால் வயிற்றைக் கலக்கிவிட்டுப் போகிற ரகம் இல்லை. உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சே நின்றுபோகிற ரகம். சின்ன வயதில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பேனா மாதிரி ஓர் ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து இறங்கும்.

உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அப்படிப்பட்ட பெண் வந்து இறங்கியது கடலூர் மாவட்டத்தில். அதுவும் முந்திரி சீசனில். அதுவும் ஒரு காலத்தில் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில்.

அவள் விமானம் ஏறுவதற்கு முன்பே அக்கா எனக்கு போன் போட்டாள்.

"டேய், அவ வாயில இன்னா போவுதுன்னு பாக்கறது மட்டும்தான் ஒன் வேல. மத்தபடி நீ எதுவும் பண்ண வேணாம். எப்பவும் போல சும்மா இரு."

"நான் பாத்துக்கறேன்க்கா. எனக்குத் தெரியாததா? நான் லண்டன் பாத்தவன்."

"நீ பாத்த லட்சணந்தான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

அதைச் சொல்லியே ஆகவேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் அக்கா வீட்டில் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்தேன். அவர்கள் இருப்பது லண்டனிலிருந்து வெகுதூரத்தில் ஒரு சின்ன ஊர். ஆனாலும் திரும்பி வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'நாங்க லண்டன்ல இருந்தப்ப' என்றுதான் ஆரம்பிப்பேன். கண் பரிசோதிக்க வந்தவர், எழுத்துப் பலகையைப் படித்தபடியே என்னுடைய லண்டன் கதையையும் கேட்டாக வேண்டும்.

அங்கே வெளியில் சாப்பிடப் போவது என்பது ஒரு தனி சடங்கு. முதல் நாள் ஒரு கடைக்குப் போனோம். உள்ளே பாதி மேசை காலி. நான் நம்ம ஊர் வேகத்தில் பாய்ந்து, ஜன்னலோரமாக ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்து, 'வாங்க வாங்க' என்று கையாட்டினேன். அக்கா வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினாள். ஒரு பெண் வந்து நம்மை அழைத்துப் போய் உட்காரவைக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டுமாம். உட்கார்ந்ததும் அந்தப் பெண் முதலில் கேட்டது, அலர்ஜி ஏதாவது உண்டா என்று. நம் உடம்பு மேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய், எனக்குத் தூசி ஆகாது, மார்கழி மாதத்தில் தும்மல் ஜாஸ்தி என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அக்கா மகள் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தாள்.

சீசன் விஷயத்தில் அவர்கள் படு கறார். கடைச் சுவரில் இருந்த பலகையில் அந்தந்த மாதத்துச் சாப்பாட்டை எழுதிப்போடுகிறார்கள். ஆஸ்பராகஸ் என்று ஒரு தண்டு. அதைக் கேட்டபோது, சீசன் முடிந்துபோச்சு, அடுத்த மே மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரக் கடைசியில் ஸ்ட்ராபெரி தோட்டத்துக்குப் போனோம். நாமே பறித்துக்கொள்ளலாம். கூடையில் போட்டதை விட வாயில் போட்டது அதிகம் என்று நான் சாதித்த சாதனைக்கு, அன்று சாயங்காலம் முழுக்க அக்கா வீட்டு பாத்ரூம்தான் சாட்சி.

இன்னொரு நாள், அக்கா மகள் ஆசையாகக் கேட்ட ஓர் இனிப்பைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சமையலறையில் முந்திரி புழங்குகிறது, எங்களால் உறுதி சொல்ல முடியாது என்று அந்தப் பரிமாறுகிற பெண் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாப்பிட வந்தவர்களை வேண்டாம் என்று சொல்கிறவன் என்ன ஓட்டல் நடத்துகிறான் என்று ஊருக்கு வந்தும் பல நாள் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா மகள் இப்போது என் வீட்டில். வந்து இறங்கிய மறுநாள் காலை காபியைக் குடித்துக்கொண்டே, "மாமா, இப்போ இங்க என்ன சீசன்?" என்று கேட்டாள்.

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வெயில் சீசன்" என்றேன்.

அதற்குள் அவளைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் வெறுங்கையோடு பார்க்க வரமாட்டார்கள். ஆளுக்கு ஒரு முந்திரி பாக்கெட். வறுத்தது, மிளகு போட்டது, உடையாத முழுப்பருப்பு. வாசலிலேயே நின்று நான் அதை வாங்கி, அப்படியே மாடி வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். அந்த மனுஷன் அந்த வாரம் என்னை ஒரு கடவுளைப் போலப் பார்த்தார். வருகிறவர்களை அவள் கையைப் பிடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். என் மனைவி எனக்குக் கஸ்டம்ஸ் ஆபீசர் என்று பேர் வைத்தாள்.

"முந்திரித் தோப்பு வெச்சிருந்த வம்சத்துல பொறந்துட்டு முந்திரி ஆவாதுன்னா அதுல ஒரு ஞாயம் வேணாமா மாப்ள?" என்று கேட்டார் ஒரு மாமா முறைக்காரர். "ஒன்னே ஒன்னு தின்னு பாக்கச் சொல்லு. பழகிப்பூடும்."

"நீங்க மொதல்ல கைய கழுவுங்க" என்றேன்.

சிரித்துப் பேசினேனே தவிர எனக்கு இருப்பே கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் யாராவது வந்து அல்வாவை நீட்டிவிடுவார்களோ என்று தோன்றும். போன் போடுவேன். எடுக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அக்கா வீடியோவில் வந்து அந்தப் பேனா ஊசியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். ஒரு ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு வெள்ளரிக்காயில் குத்திக் குத்திப் பழகினேன். அந்த வாரம் எங்கள் வீட்டு வெள்ளரிக்காயெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அதைக் கேட்டாள்.

"மாமா, நான் இன்னும் ஒரு தடவைகூட வெளியில சாப்பிடல. அத்தை சமையல் சூப்பர். ஆனா அம்மா எப்பவும் சிதம்பரத்துல பொங்கலும் கொத்சும் சாப்பிட்டத சொல்வாங்க. எனக்கு அங்க போய் உட்காந்து சாப்பிடணும். உங்க ஊர் எப்படிச் சாப்பிடுதுன்னு பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் லண்டன் பார்த்தவன் ஆயிற்றே. "அதுக்கென்ன, நான் கிச்சனுக்குள்ளயே போய் நின்னு பாத்து வாங்கித் தரேன். ஒங்கம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றேன்.

அன்று முகூர்த்த நாள் என்பதை நான் மறந்துவிட்டேன். ஓட்டல் வாசலிலேயே கல்யாணக் கூட்டம். பட்டுப்புடவையும் விபூதியுமாகத் திமிறிக்கொண்டிருந்தது. காரை எங்கேயோ ஒரு சந்தில் விட்டுவிட்டு நடந்து வந்தோம். அவள் வாசலில் போய் அமைதியாக நின்றாள். யாரோ வந்து உட்காரவைப்பார்கள் என்று.

"பாப்பா, இங்க அப்படி நின்னா ராத்திரி டிபனுக்குத்தான் எடம் கெடைக்கும்" என்று சொல்லி உள்ளே இழுத்துப் போனேன்.

நம் ஊர் முறை உங்களுக்கே தெரியும். யார் சாப்பிட்டு முடிக்கப் போகிறார்கள் என்று இலையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். அவர் எழ எழ நாம் உட்கார வேண்டும். எதிரெதிராக இரண்டு நாற்காலி காலியாகிற ஒரு மேசையைக் குறிவைத்து, ஒரு தம்பதியின் பின்னால் நாங்கள் நின்றோம். அவள் கூச்சத்தில் நெளிந்தாள். நான் அந்த ஆள் காபியை ஆற்றுகிற வேகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எழுந்தார்கள், உட்கார்ந்தோம். என் முதுகு நாற்காலியில் சாய்வதற்குள் அவள் நாற்காலிக்குப் பின்னால் ஓர் அம்மா வந்து நின்றுவிட்டார்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு பெரிய ஒயர் கூடை. ஒரு கையால் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போல. கண் எங்கள் மேசையிலேயே.

"இப்பத்தாம்மா ஒக்காந்திருக்கோம்" என்றேன்.

"தெரியும் தம்பி. ஒக்காந்தவங்க எந்திரிக்கத்தானே போறீங்க. மெதுவா சாப்புடுங்க. எனக்கு விருத்தாசலம் போயி திட்டக்குடி பஸ்ஸு புடிக்கணும், அவ்ளோதான்."

மெதுவா சாப்பிடச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பற்றியும் சொல்கிறார். எனக்கு எரிச்சல் வந்தது. அக்கா மகளிடம், "உங்க ஊர்ல இப்படி யாராவது பின்னால நின்னா போலீஸைக் கூப்பிடுவீங்கல்ல?" என்றேன், அந்த அம்மா காதில் விழட்டும் என்றே.

"ரொம்ப நேரா பேசறாங்க மாமா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

பரிமாறுகிறவர் வந்தார். பொங்கல் என்றதும், "முந்திரி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க கடைப் பொங்கல்ல வாய்க்கு வாய் முந்திரி சார்."

"அய்யோ, அதுதாங்க ஆவாது. இந்தப் பொண்ணு முந்திரி சாப்புட்டா உசுருக்கே ஆபத்து. வெளையாட்டுக்குச் சொல்லல. முந்திரியே இல்லாம வேணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

அவர் அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்த்தார். பாவம் என்று நினைத்திருப்பார். "நீங்க ஒக்காருங்க சார். முந்திரி இல்லாம கொண்டாறது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் வீட்டில் கொடுத்த வாக்குப்படி அப்போது எழுந்து கிச்சனுக்குப் போயிருக்க வேண்டும். எழ வேண்டும் என்று தோன்றியது. நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூடச் செய்தேன். அந்த அம்மாவின் பார்வை சட்டென்று என் நாற்காலிக்கு வந்தது. கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நான் எழுந்தால் அந்த இடம் போய்விடும். அப்புறம் நான் ஒரு மூலையிலும் அவள் ஒரு மூலையிலுமாக உட்கார வேண்டும். தள்ளிய நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

ஒரு பெண்ணின் உயிரையும் ஒரு நாற்காலியையும் தராசில் வைத்து, நாற்காலியைத் தேர்ந்தெடுத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொங்கல் வந்தது. ஆவி பறக்க, மிளகும் சீரகமுமாக, பக்கத்தில் கிண்ணத்தில் கத்திரிக்காய் கொத்சு. நான் ஸ்பூனை வாங்கி அவளுடைய பொங்கலைக் கிளறிப் பார்த்தேன். ஒரு முந்திரி இல்லை, ஒரு துண்டு இல்லை. தாளித்துக் கொட்டுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சாப்பிட்டதைப் பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடித் திறந்தாள். அந்த அம்மா பின்னாலிருந்து, "கொத்ச நல்லா கொழப்பி சாப்புடு பாப்பா, தனித்தனியா தின்னா ருசி தெரியாது" என்றார். இவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்படியே செய்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "வேணும்னா ஊட்டியே வுட்டுடுங்களேன்" என்றேன்.

"நீ ஒன் எலையப் பாரு தம்பி. பொண்ணு எவ்ளோ அமைதியா சாப்புடுது" என்றார் அவர்.

கொஞ்ச நேரத்தில் அக்கா மகள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். மறுபடி குடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். முகம் சிவந்திருந்தது. "காரம் மாமா. வாயெல்லாம் எரியுது."

"லண்டன்காரி நாக்கு. ஒரு மொளகுக்கே டான்ஸ் ஆடுது" என்று சிரித்தேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட. என் தும்மல் விஷயத்தில் அவள் மேசைக்கு அடியில் சிரித்ததற்குப் பதிலடி கிடைத்த மாதிரி. என் தண்ணீர் டம்ளரையும் அவள் பக்கம் தள்ளினேன். அவள் தொண்டையைச் செருமினாள். இன்னும் ஒரு வாய் எடுத்தாள்.

"பாப்பா, கழுத்துல இன்னாம்மா இது?"

அந்த அம்மாதான். வெயிலுக்காக அவள் முடியை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். பின்கழுத்து முழுக்க அந்த அம்மாவின் கண்ணுக்கு நேராக இருந்தது.

"இங்க பாரு தம்பி, தடிப்பு தடிப்பா கெளம்புது. காதுக்குப் பின்னாடி வரைக்கும் வந்துட்டுது. கம்பளிப்பூச்சி எதனா உழுந்துச்சா?" என்று மேலே கூரையைப் பார்த்தார்.

அக்கா மகளின் கை பொங்கலிலேயே நின்றது. இடது கையால் கழுத்தின் பின்னால் தடவிப் பார்த்தாள். அவள் கண் என்னைத் தேடியது. அந்தப் பார்வையை நான் மறக்கவே முடியாது. அதில் பயத்தை விட, நடந்தது என்னவென்று புரிந்துகொண்ட தெளிவுதான் இருந்தது.

"மாமா, இது காரம் இல்ல" என்றாள். குரல் கம்மியிருந்தது.

நான் பாய்ந்து அவள் கைப்பையைக் கவிழ்த்தேன். சீப்பு, பாஸ்போர்ட், கிரீம், எல்லாம் கொத்சில் விழுந்தன. பேனா கிடைத்தது. வெள்ளரிக்காயில் அத்தனை தடவை குத்திப் பழகிய கை, இப்போது அதை இப்படியும் அப்படியும் திருப்பியது. எந்தப் பக்கம் தொப்பி, எந்தப் பக்கம் ஊசி என்று தெரியவில்லை.

"தலைகீழா புடிச்சிருக்கீங்க மாமா. உங்க கட்டைவிரல்ல ஏறிடும். குடுங்க."

அவளே வாங்கி, தொப்பியைக் கழற்றி, சுடிதாரின் மேலேயே தொடையில் வைத்து அழுத்திப் பிடித்தாள். உதட்டோரம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "நான் படுக்கணும். நிக்கக் கூடாது" என்றாள்.

அந்தக் கூட்டத்தில், தண்ணீரும் சாம்பாரும் சிந்திய அந்தத் தரையில் எங்கே படுக்கவைப்பது என்று நான் முழித்தேன். அந்த அம்மா ஒயர் கூடையைத் தரையில் கொட்டினார். திட்டக்குடிக்கு எடுத்துப் போக வைத்திருந்த புதுப்புடவை ஒன்று, போர்வை ஒன்று. இரண்டையும் விரித்தார். "நவுருங்க, அந்தாண்ட போங்க, காத்து வரட்டும்" என்று சத்தம் போட்டார். கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகள் எல்லாம் சுவரோடு ஒதுங்கின. அவளைப் படுக்கவைத்தோம். காலை உயர்த்தி வைக்கணும் என்று அவள் சொன்னதும், அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கால் இரண்டையும் அதன் மேல் தூக்கி வைத்தார். யாரோ நூற்றெட்டுக்கு போன் போட்டார்கள்.

பரிமாறியவர் ஓடிவந்து நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "அண்டாவுல இருந்து எடுத்து, அதுல கெடந்த முந்திரிய ஒன்னு வுடாம பொறுக்கி எடுத்துட்டுதான் சார் கொண்டாந்தேன். கைகூட படல, கரண்டியாலதான் எடுத்தேன். இருந்த வேலைய எல்லாம் வுட்டுட்டு செஞ்சேன் சார்."

அவரை நான் என்ன சொல்ல முடியும்? அந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாரோ ஒரு பெண்ணுக்காக ஒரு மனுஷன் நின்று நிதானமாக முந்திரி பொறுக்கியிருக்கிறார். முந்திரியின் சாரம் நெய்யில் இறங்கியது இறங்கியதுதான், பருப்பைப் பொறுக்கினால் போகாது என்று அவருக்குத் தெரியாது. நான் மட்டும் என்ன, ஸ்பூனால் கிளறிப் பார்த்துத் திருப்திப்பட்டவன்தானே. எழுந்து போய் நின்றிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

ஆம்புலன்ஸ் வரும் வரை நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, வாசலைப் பார்ப்பதும் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுமாக இருந்தேன். ஏதாவது பேசி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அந்த அம்மாதான் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஒன் பேரு இன்னா, எந்த ஊரு, அங்க மழ பெய்யுமா, கல்யாணம் ஆயிடுச்சா. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், முனகினாள். அவளுடைய கை அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அதை விடவில்லை. அதனால் அவரும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி, ஆக்ஸிஜன், டிரிப்ஸ் என்று ஓடியது. மருந்து நேரத்தில் உள்ளே போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் நிலைமை வேறு என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் வரை வைத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். தடிப்புகள் மெல்ல மெல்ல அடங்கின. உதடு பழையபடி ஆனது. அவள் கண்ணைத் திறந்து, "அம்மாகிட்ட நான் சொல்றேன். நீங்க பேசாதீங்க, உளறிடுவீங்க" என்றாள்.

போனில் அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு அக்கா, "அவுங்க பக்கத்துல இருக்காங்களா? அவுங்ககிட்ட குடு" என்றாள். அந்த அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். அக்கா அழுவது எனக்கே கேட்டது.

"அழுவாதம்மா. பொண்ணு நல்லாத்தான் இருக்குது. இப்ப காபி வேணும்னு கேக்குது. நான்தான் குடுக்கல. நீ மொதல்ல எதனா சாப்புடு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து அந்த அம்மா ஒன்றுமே சாப்பிடவில்லை. கேண்டீனுக்கு அழைத்துப் போனேன். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீ மொறச்ச மொறப்புக்கு நான் அப்பவே வேற மேசைக்குப் போயிருப்பேன். பக்கத்துல ரெண்டு எடம் காலியாச்சு தெரியுமா?"

"அப்புறம் ஏம்மா போகல?"

"அந்தப் பொண்ணு சாப்புடறது பாக்க நல்லா இருந்துச்சி. பாத்துகிட்டே நின்னுட்டேன்" என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

மத்தியான பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். கறைபட்ட அந்தப் புதுப்புடவையைக் கூடையில் சுருட்டி வைத்திருந்தார். வேறு ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். தொவச்சா போயிடும் என்று சொல்லிவிட்டு ஏறி, ஜன்னலோர சீட்டில் கூடையைப் போட்டு இடம் பிடித்தார். பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா மகள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாள். போன வாரம்கூட, அங்கே பலகையில் ஆஸ்பராகஸ் எழுதிவிட்டார்கள் என்று போட்டோ அனுப்பினாள். வீட்டுக்கு யார் வந்தாலும், இலை போடுவதற்கு முன்னால், "உங்களுக்கு எதாவது ஒத்துக்காதா?" என்று கேட்கிற வழக்கம் எனக்கு அந்த மாதமே வந்துவிட்டது. சொந்தக்காரர்கள், லண்டன் முத்திப்போச்சு என்று சிரித்தார்கள்.

அப்படி ஒரு நாள் விருந்தாளிகளைக் கேட்டுவிட்டு, சிரிப்புக்காக என் மனைவி பக்கம் திரும்பி, "அம்மணிக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குக் கத்திரிக்கா ஆவாது" என்றாள். "வாயில வெச்சா தொண்டையெல்லாம் நமநமன்னு அரிக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். கல்யாணமான நாளிலிருந்து வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் அதுதான் குழம்பு. அவளும் என் கூடவே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டு எழுவாள்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் சாதம் போடப் போய்விட்டாள்.

முன்பின் தெரியாத ஓர் அம்மா ஒரு தட்டுப் பொங்கல் சாப்பிடுகிற நேரத்தில் பார்த்ததை, நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இத்தனை காலம் எதிரெதிரே உட்கார்ந்தும் பார்க்கவில்லையே என்ற நினைப்பு, சாப்பிட உட்காரும்போதெல்லாம் இன்றைக்கும் என்னைத் தலை நிமிர்த்தி எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கவைக்கிறது.